எட்டு மணிச் சத்தம்

“திரும்புடி! திரும்ப மாட்டியா?”

பக்கத்து வீட்டுக் கணவன் தொண்டை கிழியக் கத்தினான். அடுத்த நொடி பாத்திரம் ஒன்று சுவரில் மோதி விழுந்தது. வெல்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

அவர் இங்கே குடிவந்து பத்து நாள் ஆகிறது. தினமும் காலை எட்டு மணிக்கு டாணென்று இந்தக் கூத்து ஆரம்பித்துவிடும். ஒரு சத்தம், கொஞ்ச நேரம் மயான அமைதி, மறுபடி சத்தம். இத்தனை ரகளையிலும் அந்த வீட்டு இரண்டு வயதுப் பெண் குழந்தை மட்டும் மூச்சுக் காட்டுவதில்லை. பயத்தில் உறைந்து போயிருக்கும், பாவம்.

“போதுங்க, விட்டுடுங்க. என்னால முடியல...” மனைவி தேம்பினாள்.

“இன்னிக்கு விடறதா இல்ல! ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!”

வெல்டர் எழுந்து நின்றார். அவருடைய தங்கையும் இப்படித்தான் தேம்பினாள். ‘புருஷன் பெண்டாட்டி சண்டையில் நாம் தலையிடக் கூடாது’ என்று அன்றைக்கு அவர் கௌரவமாக வாசலிலேயே நின்றார். மறுநாள் தங்கையைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

மறுபடி டமார். “ஐயோ, ரத்தம்!” என்று அவள் அலறினாள்.

அவ்வளவுதான். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“கதவைத் திறடா, பொறுக்கி!”

பதில் வரும்வரை காத்திருக்கும் பொறுமை அவருக்கு இல்லை. முதல் இடியில் தாழ்ப்பாள் ஆட்டம் கண்டது, இரண்டாவதில் பலகை பிளந்தது, மூன்றாவதில் கதவே பெயர்ந்து உள்ளே விழுந்தது.

எதிரே கணவன், கையில் நசுங்கிய எவர்சில்வர் தட்டோடு நின்றான். வெல்டர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் ஓங்கிக் குத்தினார். உதடு கிழிந்து அவன் சுவரோரம் சரிந்தான்.

“பொம்பள மேலயா கை வெக்கற? இங்கயே கொன்னு புதைச்சுடுவேன்டா!”

ஓங்கிய கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு மனைவி தொங்கினாள். அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கணவனின் உள்ளங்கையைத்தான் தட்டின் விளிம்பு வெட்டியிருந்தது.

“அவரை விடுங்கண்ணே! அவளைப் பாருங்க, அவளை!”

மூலையில் குழந்தை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டு காதுக்குப் பின்னாலும் கேட்க உதவும் சின்ன மெஷின். சுவரில் பயிற்சி மையம் கொடுத்த அட்டை: ‘நாள். என்ன சத்தம்? திரும்பினாளா?’ மூன்று மாதக் கட்டங்கள் அத்தனையிலும் பெருக்கல் குறி.

குழந்தை கழுத்தை முழுக்கத் திருப்பி, விழுந்து கிடந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வீறிட்டு அழுதது.

வெல்டரின் கை தானாகத் தாழ்ந்தது. கணவன் ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தள்ளாடி எழுந்தான். அழுகையும் சிரிப்புமாக வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, உள்ள இன்னொரு கதவு இருக்கு. அதையும் உடைங்க!”