சிவப்புப் பட்டைக்காரியின் குட்டி

சொக்கியைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். புள்ளியெல்லாம் மின்ன, தளதளவென்று இருக்கும் மான். ஆனால் நோயை முன்கூட்டியே காட்டும் அவள் கழுத்துப்பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. குடலில் கிருமி ஒளிந்திருக்கிறதாம். உடம்பு மெலிய இன்னும் நான்கு வருடமாகும். பட்டைக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

சிவப்புப் பட்டைக்காரியின் பாலும் புழுக்கையும் குட்டியின் வாயில் படக்கூடாது என்பது மான் காப்பகத்தின் சட்டம். அதனால் சொக்கி ஈன்ற கையோடு, தீனி போடும் இலஞ்சியம் குட்டியைத் துண்டில் ஏந்திக் கொண்டுபோய்விட்டாள். இப்படி ஆறு குட்டிகளை வளர்த்த கைதான். இந்தக் குட்டியோ ஒரு நாள் முழுக்கப் பால்புட்டியைத் தொடவில்லை. இரண்டாம் நாளும் குடிக்காவிட்டால் பிழைக்காது.

மறுநாள் காலை, சொக்கியின் வேலிக்கும் மற்ற மான்களின் வேலிக்கும் நடுவே யாரும் நடக்காத பத்தடிச் சந்தில், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காப்பகத்தின் டாக்டர் ஜெபராஜ் பதறி ஓடிவந்தார்.

"இலஞ்சியம்! அந்தப் பக்கம் சொக்கி நிக்குது, தெரியலையா?"

"தெரிஞ்சுதான் சார் வந்தேன். இந்த நோய் காத்துல வருமா?"

"வராது."

"அப்ப சத்தம் மட்டும் வரட்டும்."

வேலிக்கு அப்பால் சொக்கி அடித்தொண்டையில் மெல்லக் கூப்பிட்டாள். குட்டியின் காது நிமிர்ந்தது. இலஞ்சியம் ரப்பர் காம்பை நீட்டினாள். குட்டி அவள் வயிற்றை முட்டி முட்டிக் குடித்தது. டாக்டர் இரண்டாவது புட்டியை எடுத்துவரப் போனார்.

அதுவும் காலியாகும்வரை சொக்கி அசையவில்லை. பிறகு, தானே பால் கொடுத்து முடித்தவள்போல, காலை மடக்கிப் படுத்து அசைபோடத் தொடங்கினாள்.