சிவப்பு ஒட்டு

லண்டன் ஏழைகள் விடுதியின் வாசலில், பனி கொட்டும் பிற்பகலில், வரிசையில் நின்ற எட்மண்டின் முழங்கையைப் பின்னாலிருந்த பெண் பிடித்து இழுத்தாள்.

"யோவ், இந்தக் கோட்டு ஏது உனக்கு?"

"எங்கப்பாவோடது."

"புளுகாதே! இந்தச் சிவப்பு ஒட்டு என் பாவாடையைக் கிழிச்சு நான் போட்டது. என் வீட்டுக்காரர் சைலஸைத் தேடித்தான் நாலு நாளா விடுதி விடுதியா அலையறேன். எங்கேய்யா அவரு?"

எட்மண்ட் தடுமாறினான். "அவரேதாம்மா கழட்டிக் குடுத்தாரு."

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ வேலை கிடைச்சிடுச்சு! புதுசு வாங்குற வரைக்கும் இதைக் கழட்டவே மாட்டேன்னு சொல்லிட்டு வேலை தேடிப் போன மனுஷன். எங்க தெருமுனையில என்னைத் தேடிக்கிட்டு நிப்பாரு!"

"போகாதேம்மா, உள்ளே படுக்க இடம் போயிடும்!"

"போனா போகுது!" வரிசையை விட்டு ஓடினாள்.

ஏழையாக வேடமிட்டு விடுதிக்குள் தங்கிப் பத்திரிகையில் எழுதவே எட்மண்ட் வந்திருந்தான். வேடம் அசலாக இருக்க வேண்டுமென்று, மூன்று நாட்களுக்கு முன் பாலத்தடியில் பசியோடு கிடந்த ஒருவனிடம் இரண்டு ஷில்லிங் கொடுத்து இந்தக் கோட்டை வாங்கியிருந்தான்.

கோட்டு வாங்கிய மறுநாள், பத்திரிகை அலுவலகத்தில் அதே பாலத்தடியைப் பற்றி ஒரு சின்னச் செய்தியையும் அவன்தான் எழுதியிருந்தான். எழுதும்போது உறைக்கவில்லை.

"பாலத்தடியில் அடையாளம் தெரியாத ஆண் குளிரில் விறைத்துச் சாவு" என்று இப்போது அது மனதுக்குள் ஓடியது. "உடலில் கோட்டு இல்லை."