நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்

"மீட்டர்ல கை வெச்சிருக்கீங்க சார்," என்றார் காதுக்காரர், திறந்த பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

மருந்துக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே பையில் மறுபடி செருகினார். "இல்லீங்க."

"என்கிட்டயே பூ சுத்தாதீங்க. மீட்டர் நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் காட்டுது. இன்ஜின் லட்சம் கிலோமீட்டர் உழைச்ச மாதிரி இருமுது. கிளட்ச் தளர்ந்து கிடக்கு. கியர் குமிழ்ல நம்பர் எல்லாம் அழிஞ்சு வழுக்கையாயிடுச்சு. டயர் மட்டும் தேயல, பிரேக் மட்டும் தேயல. அது ரெண்டையும் மாத்திட்டு மீட்டரைத் திருப்பி வெச்சிருக்கீங்க. சரிதானே?"

"வாங்கினப்ப இருந்த டயர்தாங்க."

காதுக்காரர் சிரித்தார். பழைய கார் சந்தையில் இருபத்திரண்டு வருஷமாக விலை மதிக்கிறவர். வண்டியைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே அதன் வயசையும் வியாதியையும் சொல்லிவிடுவார் என்பதால் வந்த பட்டப்பெயர்.

இதே மாதிரி மஞ்சள் நிற இரண்டு சீட் காரை மட்டும் அவர் பத்தொன்பது வயசிலிருந்து கனவில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதில் பெட்ரோல் தீர்வதே இல்லை. விடிகிற நேரம், ஆளில்லாத சாலை, எங்கே போகிறோம் என்று தெரியாத ஒரு நிம்மதி. தலையணை ஓரத்தில்தான் பயணம் முடியும்.

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து இந்தத் தெரு வழியாக நடந்தபோது, அந்தச் சத்தம் நிஜமாகவே கேட்டது. மருந்துக்கடைக்காரர் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே எங்கோ இன்ஜின் ஏறியது, இறங்கியது. வண்டி மட்டும் வெளியே வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. சரியாக ஆறு மணிக்கு.

மூன்று முறை வந்து விலைக்குக் கேட்டுவிட்டார். விக்கிறதுக்கில்லை என்ற ஒரே பதில். இன்று நாலாவது முறை. "சரி, பார்த்துட்டாவது போங்க" என்று ஷெட்டைத் திறந்துவிட்டிருந்தார் மருந்துக்கடைக்காரர்.

"தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க. லைசென்ஸே எடுக்கல."

காதுக்காரர் பானட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"அப்புறம் எதுக்கு சார் இந்த வண்டி? யானையை வாங்கிக் கட்டிப்போட்டுட்டு, தும்பிக்கையை மட்டும் ஆட்டச் சொல்ற கதையா இருக்கு! அஞ்சு செகண்டுல நூறைத் தொடும்கிறதெல்லாம் விளம்பரக்காரன் பேச்சு. குதிரைசக்தி எத்தனைன்னு கேக்கறவனுக்குக் காரும் தெரியாது, குதிரையும் தெரியாது. இந்த மாதிரி வண்டிக்கு விலையே, சாலையை அது எப்படிப் பிடிக்குதுங்கறதுலதான். நின்ன இடத்துல உறுமற வண்டிக்கு என் தராசுல கால் காசு கிடையாது."

"அப்படீங்களா?"

"உயிரோட புதைக்கிற மாதிரி சார் இது. பாவம். குடுத்துடுங்க. வேற யாருக்கும் விக்க மாட்டேன். நானே வெச்சு ஓட்டறேன்." பானட் ஓரத்தைத் தடவினார். "முப்பது வருஷக் கனவு."

மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறாகுது. நாங்க கிளம்பணும். இருங்க, வந்துடறேன்."

கிளம்பணுமா? யார் ஓட்டப் போகிறார்கள்?

அவர் திரும்பி வந்தபோது, முழங்கையைப் பற்றிக்கொண்டு மனைவி வந்தாள். காலில் கேன்வாஸ் ஷூ. தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

ஓஹோ, வீட்டம்மாவையும் உட்கார வைத்துப் படம் காட்டுகிறாரா மனுஷன் என்று நினைத்துக்கொண்டே பானட்டை மூடினார் காதுக்காரர்.

மருந்துக்கடைக்காரர் கதவைத் திறந்தார். ஸ்டியரிங் பக்கத்துக் கதவு. அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் சுற்றி வந்து அடுத்த சீட்டில் அமர்ந்து, மடியில் ஒரு சாலை வரைபடத்தை விரித்தார்.

"யாரோ நிக்கிறாங்க போல?" என்றாள் அவள். காதுக்காரர் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது அவள் பார்வை.

"கார் கேட்டு வந்தவர்."

"நல்ல வண்டி எதுன்னு தெரிஞ்சவர்தான்."

மருந்துக்கடைக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தினார். "பந்தயத்துல ஓட்டினவ சார். ஆசைப்பட்டு இதை வாங்கி நாலு மாசம் ஓட்டினா. அப்புறம் ரெண்டு கண்ணும் போயிடுச்சு. பதினோரு வருஷமாச்சு. மீட்டர் அன்னைக்கு நின்னதுதான்."

"என்னங்க, அங்க என்ன ரகசியம்? இன்னைக்கு எங்க போறோம்?"

"மலைப்பாதை. முதல்ல ரெண்டு கிலோமீட்டர் நேரா. அப்புறம் இடது பக்கம் வளைவு. பள்ளத்துல ஏரி தெரியும்."

"எதிர்ல ஏதாவது வந்தா முன்னாடியே சொல்லணும். நேத்து லாரியைக் கடைசி நேரத்துல சொன்னீங்க."

"நேத்து அந்த லாரி நானே எதிர்பார்க்காம வந்துச்சு!"

அவள் சிரித்தபடி சாவியைத் திருப்பினாள். இடது கால் கிளட்ச்சை மிதித்தபடியே இருக்க, கை கியரைத் தேடாமல் தொட்டது. இன்ஜின் மெல்ல எழுந்தது. இரண்டு, மூன்று. சக்கரங்கள் அசையவில்லை. அவள் முகத்தில் மட்டும் காற்று அடிப்பதுபோல இருந்தது.

"வேகம் கொஞ்சம் குறை, டிரைவரம்மா," என்றார் மருந்துக்கடைக்காரர். வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "முன்னாடி ஒருத்தர் பாதையை மறிச்சுக்கிட்டு நிக்கிறார்."

அவள் ஹாரனை அழுத்தினாள்.

ஓரங்குலம்கூட நகராத அந்தக் காருக்கு, காதுக்காரர் சட்டென்று சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.