அணியத்துக்கு ஒரு போத்தல்

திருகோணமலை முழுவதிலும் சூடேறாத எஞ்சின் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தன்னுடைய பிக்கப்பில்தான் இருக்கிறது என்று ஜெனிஸ்டன் அறிவித்தான். சல்லிக் கடற்கரையில் சீலாவின் பழைய வள்ளத்தை ட்றெயிலரில் ஏற்றிப் பின்னால் பூட்டியபடி அறிவித்தான். இன்னொருமுறை கொதித்தால் எஞ்சின் செத்துவிடும் என்று மெக்கானிக் சொன்னதை மட்டும் அறிவிக்கவில்லை.

“தம்பி, வெளிக்கிட முதல் வள்ளத்தின்ர அணியத்தில, முன்னுச்சியில, ஒரு போத்தல் தண்ணி ஊத்தவேணும். இங்க எல்லாரும் ஊத்துறவை,” என்றாள் சீலா.

“அக்கா, பிறந்ததில இருந்து கடலுக்குள்ள கிடந்த சாமானுக்கு என்ன தாகம்? தண்ணி ரேடியேற்றருக்கு.”

ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஜெனிஸ்டன் ஏ.சி.யை நிறுத்தி, எஞ்சின் சூட்டை இழுத்தெடுக்க ஹீற்றரைப் போட்டு, ஓரங்கட்டினான். அரை மணித்தியாலம் ஆறவிட்டு மூடியைத் திறந்தான். ரேடியேற்றரில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. ஒழுக்கும் இல்லை. கீழே ரோட்டு காய்ந்திருந்தது. கொண்டுவந்த ஏழு போத்தலில் ஆறை ஊற்றினான். ஐம்பது யார் தூரம் போனதும் முள் மறுபடி சிவப்பில் நின்றது. மறுபடி ஆறவிட்டுத் திறந்தபோது ரேடியேற்றர் மறுபடி வெறுமையாக இருந்தது.

மிஞ்சியது ஒரே ஒரு போத்தல்.

“இப்பவாவது ஊத்துங்கோ தம்பி.”

“ஏலாது அக்கா. எஞ்சின் வெடிச்சாலும் ஏலாது. நான் சயன்ஸ் படிச்சனான்.”

சீலா தேத்தண்ணி வாங்க எதிர்க்கடைக்குப் போனாள்.

ஜெனிஸ்டன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, போத்தலோடு பின்னால் போய், வள்ளத்தின் முன்னுச்சியில் முழுவதையும் ஊற்றினான். வள்ளம் அதை அப்படியே உறிஞ்சிக்கொண்டது; ஒரு சொட்டும் நிலத்தில் விழவில்லை.

போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபடி, “இன்னும் வேணுமோ?” என்று மெதுவாகக் கேட்டான்.