பதில் அனுப்ப வேண்டாம்

"தேடி வர்ற ஆளுங்களை உள்ளேயிருந்தே ஒருத்தர் துரத்திவிடறாங்க சார்" என்றார் ஆலோசகர்.

எல்லோர் கண்ணும் தபால் அக்கா மேல் போனது.

குழந்தைகளுக்கான சாமான்களை ஆன்லைனில் விற்கிற கடை எங்களுடையது. தொட்டில், குல்லா, டயப்பர் எல்லாம் உண்டு. பிரசவத் தேதியைச் சொல்லிப் பேர் கொடுத்தால் போதும், வாராவாரம் மெயில் போகும். ‘இந்த வாரம் உங்க செல்லம் உங்க குரலைக் கேட்கும்’, ‘இந்த வாரம் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்’ என்று. கடைசியில் எதையாவது தலையில் கட்டுவோம், அது வேறு விஷயம். அந்த மெயில்களை முதலாளியே உட்கார்ந்து எழுதினார், அவர் வீட்டம்மா மாசமாக இருந்த சமயத்தில். அவ்வளவு ஆசையாக வேறு யாராலும் எழுத முடியாது.

அனுப்புகிற வேலை அக்காவுக்கு. அதனால்தான் தபால் அக்கா. ஆள் தங்கம், வேலையில் ஆமை. காலையில் அவர் கையிலிருந்து ஒரு மெயில் கிளம்புவதற்குள் எங்கள் டீ ஆறிப்போயிருக்கும்.

வியாபாரம் படுத்துவிட்டது என்று முதலாளி இந்த ஆலோசகரை வரவழைத்திருந்தார். வந்ததிலிருந்து அறிவுரைதான். ஒன்றை எழுதினால் அதைப் பத்தாக நறுக்கிப் பத்து இடத்தில் போட வேண்டுமாம். மெஷின் செய்கிற வேலையை மனுஷன் தொடவே கூடாதாம். ஏஐ எழுதியதை மட்டும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டுமாம்.

ஏஐயிடம் எங்கள் கடையைப் பற்றி ஏதோ கேட்டார். நான் கொட்டாவி விட்டு முடிப்பதற்குள், இத்தனை வருஷமாக யாருக்கு என்ன விற்றோம், யார் எப்போது நின்றார்கள் என்று மொத்தத்தையும் திரையில் விரித்துவிட்டது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"இந்த நம்பர் ஒவ்வொண்ணும் நம்மகிட்ட பேர் கொடுத்த ஒருத்தங்க. மெயில் போகாம கையால நிறுத்தியிருக்கு. நிறுத்தினது இவங்க" என்று ஆலோசகர் அக்காவைக் காட்டினார்.

"உண்மையாம்மா?" என்றார் முதலாளி.

"ஆமா சார்."

"ஏன்?"

அக்கா முதலாளியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடுங்க சார், எல்லாரையும் திரும்ப இழுத்துடலாம்." ஆலோசகர் ஒரு வரி தட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மெயில் தயார்.

‘ரொம்ப நாளா உங்களைக் காணோமே. இந்நேரம் உங்க செல்லம் தவழ ஆரம்பிச்சிருக்குமே. முட்டி வலிக்காம இருக்க ஒரு மெத்தை பார்க்கலாமா?’

என்னமாய் எழுதுகிறது. அப்படியே முதலாளியின் குரல். நான் இங்கே படம் போடுகிறவன், அடுத்தது என் நாற்காலிதான் என்று தோன்றியது. ஆனாலும் புல்லரித்ததைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆலோசகர் தான் சொன்னபடியே ஒருமுறை படித்தார். நாங்களும் படித்தோம். ஒரு பிழை இல்லை.

"அனுப்பிடலாமா சார்?"

"அனுப்புங்க. அம்மா, நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அக்கா சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடுகிறது. அழுவார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து வந்து மௌஸ் மேல் கையை வைத்துவிட்டார்.

"என்னை அனுப்புங்க சார். அந்த மெயிலை அனுப்பாதீங்க."

"கையை எடுங்கம்மா" என்றார் ஆலோசகர்.

"மெயிலுக்கு அடியில ‘இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்’னு போட்டிருக்கோம் சார். ஆனாலும் பதில் வருது. தினமும் வந்ததும் அதைப் படிச்சிட்டுத்தான் மத்த வேலை."

"வேண்டாம்னு போட்டுட்டு அதை எதுக்குப் படிக்கிறீங்க? நேரத்தைத் தின்னுற வேலையே இதுதானே."

அக்கா ஒன்றைத் திறந்து காட்டினார்.

‘எங்க பாப்பா எங்களுக்குத் தங்கலைங்க. தயவு செஞ்சு இனிமே அனுப்பாதீங்க.’

"இப்படி எழுதினவங்களைத்தான் சார் நிறுத்தினேன். எனக்கு அடுத்து வர்றவங்களும் இதைப் படிக்கணும். அதை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

மெஷினைப் பார்த்துப் பிளந்த வாய், இப்போது அக்காவைப் பார்த்து அடைத்துப்போனது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை நாளாக ஆமை என்று கேலி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலாளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் குழந்தை தங்கவில்லை. நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம், ஆறுதல் சொன்னோம், வந்து அவரவர் வேலையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஆலோசகரும் கல் நெஞ்சக்காரர் இல்லை. "பதில் எழுதினவங்களை எல்லாம் எடுத்துடறேன்" என்று தட்டினார். எல்லா நம்பரும் மறைந்தன. ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"இவங்க ஒரு வார்த்தைகூட எழுதலையே. ‘நிறுத்தக் காரணம் இல்லை’ன்னு மெஷினும் சொல்லுது. இவங்க ஒருத்தருக்காவது அனுப்பலாம்ல?"

அக்கா மௌஸை விடவில்லை.

"வேண்டாம் சார்."

"எழுதவே இல்லைன்னா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" முதலாளி திரைப்பக்கம் குனிந்தார். "யாரு அவங்க?"

அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்க வீட்டம்மா சார். நீங்க ஆசையா எழுதின மெயிலை அனுப்பாதீங்கன்னு அவங்க எப்படி சார் எழுதுவாங்க?"