தலையணையின் பெருமை

எத்திராஜின் குறட்டை என்றால், தன்மேல் அப்படி அயர்ந்து தூங்குகிறார் என்று தலையணைக்கு அத்தனை பெருமை. டாக்டர் சொல்லி வாங்கிய மூச்சுக் கருவி, தூங்கும்போது மூக்கில் மாட்டும் குழாயோடு வீட்டுக்கு வந்தபோது, “நான் இருக்கும்போது இந்தத் தும்பிக்கை எதற்கு?” என்று சிரித்தது தலையணை. எத்திராஜும் கூச்சப்பட்டு அதைப் பரணில் போட்டுவிட்டார்.

ஒரு மதியம் குறட்டை சட்டென்று நின்றது. “பார்த்தாயா, எவ்வளவு ஆழ்ந்த தூக்கம்!” என்றது தலையணை, அவருடைய பலவீனமான இதயத்திடம்.

“தூக்கமா? மூச்சு நின்றிருக்கிறது. நிற்கும்போதெல்லாம் நான்தான் தலைதெறிக்க ஓடுகிறேன். ஏற்கெனவே முடியாதவன். இன்னும் எத்தனை நாள் ஓடுவேனோ!” என்று இரைத்தது இதயம்.

எத்திராஜ் திணறிக்கொண்டு விழித்தார். “என்னமா தூங்கினேன்!” என்று தலையணையைத் தட்டிக்கொடுத்தார்.

தலையணை கூனிக் குறுகியது. முகத்தை எங்கே புதைத்துக்கொள்வது என்று பார்த்தது. அந்த வீட்டில் யார் அழுதாலும், முகம் புதைக்க அதைத்தான் தேடி வருவார்கள்.