பூனைப்பருந்துக் கணக்கு

கணக்கு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று, ஏரிக்கரையில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள் தாட்சாயிணி.

தந்தியை நாலாக மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.

கோதண்டம் திரும்பிப் பார்க்கவில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே நோட்டையும் பென்சிலையும் அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

"ஒண்ணு" என்றான்.

அவள் ஒரு கோடு போட்டாள்.

ஐப்பசி பிறந்தால் பாரிவாக்கத்து ஏரிக்குப் பூனைப்பருந்துகள் வந்துவிடும். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றனவாம். பகலெல்லாம் வயல்காட்டில் எலியும் வெட்டுக்கிளியும் பிடித்துத் தின்றுவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து கோரைக்குள் இறங்கும். இறங்கினால் ஒன்று கூட்ட வேண்டும். எழுந்து போனால் ஒன்று கழிக்க வேண்டும். மாதக் கடைசியில் அந்தத் தாளைப் பட்டணத்துப் பறவைச் சங்கத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

திருமழிசைத் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு என்று ஊரே கேலி செய்தது. சங்கத்தார் கொடுத்த அந்தப் பழைய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டால் போதும், கோதண்டத்துக்குத் தலைகால் புரியாது. எண்பத்து நாலில் ஆரம்பித்தது, நாலு வருஷமாகப் பருந்து இருக்கிற மாதங்களில் ஒரு சாயங்காலம் விட்டதில்லை.

பார்க்கிறவன் கண்ணை எடுக்கக் கூடாது. எழுதுகிறவள் தலை நிமிரக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை கைவிட்டுப் போகும். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் என் பெண்டாட்டி வாயை மூடியிருக்கிற நேரம் இது ஒன்றுதான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

இன்றைக்கு அந்தச் சட்டம் அவளுக்கு வசதியாக இருந்தது.

தந்தி இங்கிலீஷில் இருந்தது. கொண்டுவந்தவரையே படித்துச் சொல்லச் சொன்னாள். மகன் கஜபதி லடாக்கில் பனிச்சரிவில் இறந்துவிட்டான், உடம்பு இன்னும் கிடைக்கவில்லை. அவர் இரண்டு தரம் படித்தார். மூன்றாவது தரமும் படிக்கச் சொன்னாள். பிறகு அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அவர் போன பின்னால் அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். ஏன் மடித்தாள் என்று இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

"ஒண்ணு."

கோடு.

ஒரே பிள்ளை. பட்டாளத்துக்குப் போகிறேன் என்றபோது அவள் மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். கோதண்டம்தான் சமாதானம் சொல்லி, சென்ட்ரல் வரைக்கும் போய் ரயிலேற்றிவிட்டு வந்தான். போன ஆடி மாதம் நெஞ்சுவலி என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் வேறு. இதைக் கேட்டால் இந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவான். அதுதான் அவளுக்குப் பயம். மற்றதெல்லாம் இன்னும் உள்ளே இறங்கவில்லை.

இருட்டட்டும். அதுவரைக்கும் இந்த மனுஷனுக்குப் பிள்ளை இருக்கட்டும்.

"ஒண்ணு."

நாலு கோடு சேர்ந்ததும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது.

ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருக்கிறாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. டீ ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டு வந்திருக்கிறாள். அதையும் கேட்கவில்லை. பருந்து வந்துவிட்டால் இவனுக்குப் பெண்டாட்டி கண்ணில் படமாட்டாள் என்று எத்தனையோ நாள் எரிந்து விழுந்திருக்கிறாள். இன்றைக்கு அதுவே புண்ணியமாகப் போயிற்று.

போன வருஷத்தின் அதிகபட்சம் முப்பத்தெட்டு. அதைத் தாண்டி நாற்பது போயிற்று, நாற்பத்தைந்து போயிற்று. வேறு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பான்.

"ஒண்ணு."

பூந்தமல்லி ரோட்டில் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. நோட்டில் கோடு தெரியவில்லை. விரலால் தடவி, பழைய கோட்டுக்குப் பக்கத்தில் புதுக் கோட்டைப் போட்டாள்.

"ஒண்ணு."

நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தாட்சாயிணி தலையை நிமிர்த்தினாள்.

வானத்தில் ஒன்றும் இல்லை. பருந்து இருக்கட்டும், கோரையே கண்ணுக்குத் தெரியவில்லை. பைனாகுலர் அப்படி இப்படி அசையாமல் இருட்டில் ஒரே இடத்தைப் பார்த்து நின்றது.

"ஒண்ணு" என்றான் மறுபடியும்.

அவள் கோடு போடவில்லை. கை இடுப்புக்குப் போயிற்று. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

கோதண்டம் முந்திக்கொண்டான். அப்போதும் பைனாகுலரை இறக்கவில்லை.

"நாலு மணிக்குத் தந்திக்காரன் இந்தக் கரை மேலதான் சைக்கிள்ல வந்தான், தாட்சா. உன் பேரச் சொல்லி ஊடு எதுன்னு கேட்டான். நான்தான் கை காட்டி உட்டேன். கூட வர்றதுக்குத்தான் காலு வரல."